இரட்டை ஸ்பாஞ்ச் ஃபில்டர்: ஏழு மாதம் ஊறிய பிறகு எழுதும் மதிப்புரை

வாங்கிய வாரத்திலேயே மதிப்புரை எழுதிவிடக் கூடாத பொருள்கள் சில உண்டு. மீன் தொட்டிக்கான ஸ்பாஞ்ச் ஃபில்டர் அவற்றில் ஒன்று. பெட்டியிலிருந்து எடுத்த அன்று அது வெறும் பஞ்சு. நீரில் போட்டால் மூழ்கக்கூட மறுக்கும். அதனால் ஏழு மாதம் என் 180 லிட்டர் தொட்டியில் ஓடவிட்டேன். பிறகு அதில் ஒரு பாதியைக் கழற்றி அக்கா மகனின் புதுத் தொட்டிக்குக் கொடுத்து, அங்கே என்ன நடந்தது என்று நாள்தோறும் அளந்து பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன்.

நான் வாங்கியது இரட்டை வகை. ஒரே அடித்தண்டில் இரண்டு கருப்பு ஸ்பாஞ்ச் உருளைகள், நடுவே நிமிர்ந்து நிற்கும் ஒரு குழாய், அடியில் பீங்கான் உருண்டைகள் போட ஒரு சிறு கிண்ணம், கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள ரப்பர் உறிஞ்சிகள். மோட்டார் கிடையாது. ஏர் பம்பிலிருந்து வரும் காற்று குமிழிகளாகக் குழாயில் ஏறும்போது நீரையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போகிறது. அந்த இடத்தை நிரப்பத் தொட்டி நீர் ஸ்பாஞ்சுக்குள் புகுந்து வருகிறது. இழுவிசை மென்மையானது என்பதால் பிறந்த குஞ்சுகளுக்குக்கூட ஆபத்தில்லை.

பெட்டியின் மேல் 'அம்மோனியாவை நீக்கும்' என்று அச்சிட்டிருந்தார்கள். ஸ்பாஞ்ச் எதையும் நீக்குவதில்லை. அதில் குடியேறும் உயிர்கள்தான் நீக்குகின்றன. மீன்கள் பெரும்பாலும் செவுள் வழியாகவே அம்மோனியாவை வெளியேற்றுகின்றன. ஒரு கூட்டம் நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. நைட்ரேட்டை நீர் மாற்றியும் செடி வளர்த்தும் சமாளித்துவிடலாம். இரண்டாவது வேலையை நைட்ரோபாக்டர் செய்வதாகப் பழைய மீன் வளர்ப்புப் புத்தகங்கள் சொல்லும். நன்னீர்த் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா வகை என்று 1998-இல் வெளியான ஆய்வு காட்டியது. இரண்டு படிகளையும் ஒரே பாக்டீரியா தனியாகச் செய்து முடிப்பதும் உண்டு என்று 2015-இல் தெரியவந்தது. பெயர்கள் மாறினாலும் இவற்றின் சுபாவம் ஒன்றுதான்: மெல்ல வளரும். சாதகமான சூழலில் சில பாக்டீரியாக்கள் அரை மணி நேரத்துக்குள் இரட்டிப்பாகிவிடும். இவற்றுக்கோ பல மணி நேரம் வேண்டும், சில சமயம் ஒரு நாளுக்கு மேலும் ஆகும். புதுத் தொட்டி தயாராக நான்கு முதல் ஆறு வாரம் பிடிப்பதன் காரணம் இதுதான்.

இதைத் தெரிந்துகொள்ள நான் கொடுத்த விலை இரண்டு ஏஞ்சல் மீன்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் என் முதல் தொட்டியில் அட்டை வடிவ ஃபில்டர் ஒன்று இருந்தது. மாதம் ஒரு முறை அட்டையை எறிந்துவிட்டுப் புதிதாக மாட்டச் சொன்னது அதன் குறிப்புத்தாள். சொன்னபடி செய்தேன். நான்காம் நாள் இரண்டு மீன்களும் நீர்ப்பரப்பில் வாய் பிளந்து நின்றன; செவுள் மூடியின் ஓரம் சிவந்திருந்தது. ஏழாம் நாள் இரண்டுமே போய்விட்டன. தொட்டியின் அம்மோனியா உண்ணும் உயிர்களில் பெரும்பகுதி அந்த அட்டையில்தான் இருந்தது என்பதும், அவற்றை என் கையாலேயே குப்பையில் போட்டேன் என்பதும் பிறகுதான் புரிந்தது. தேய்ந்து கிழியும் வரை தூக்கி எறிய வேண்டிய பாகம் எதுவும் இல்லை என்பதே இந்த ஸ்பாஞ்ச் ஃபில்டரை நான் விரும்பி வாங்கிய முதல் காரணம்.

இரண்டாவது காரணம் அதன் இரட்டைத்தன்மை. ஒன்றைக் கழற்றினாலும் மற்றொன்று வேலை செய்துகொண்டே இருக்கும். பழைய தொட்டியைப் பட்டினி போடாமல் புதுத் தொட்டிக்கு நாற்று பிடுங்கித் தர இதைவிட வசதியான அமைப்பை நான் கண்டதில்லை. என் தொட்டியில் பன்னிரண்டு டைகர் பார்ப் மீன்கள், அடியில் துழாவித் திரியும் மீசை மீன்களான கோரிடோராஸ் ஆறு. மேலே தொங்கும் ஃபில்டர் ஒன்று ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்க, இதைக் கூடுதலாக வைத்தேன். முதல் மாதம் ஸ்பாஞ்ச் வாங்கியபடியே இருந்தது. மூன்றாம் மாதம் தொட்டால் வழுவழுப்பு தெரிந்தது. ஐந்தாம் மாதத்திலிருந்து கோரிடோராஸ்கள் அதன் மேல் ஏறி மீசையால் துழாவிக்கொண்டே இருந்தன.

அக்கா மகனின் தொட்டி 60 லிட்டர். மணலும் கல்லும் போக உண்மையில் நின்ற நீர் 52 லிட்டர். அவனுக்குப் பத்து நியான் டெட்ரா மீன்கள் வேண்டும். "சித்தி, ஸ்பாஞ்சைப் போட்ட அன்றே மீன் விடலாம் என்கிறார்களே?" என்று கேட்டான். விடலாம்தான், பல நேரம் தப்பிக்கவும் செய்யும். ஆனால் பழகிய ஸ்பாஞ்சில் எத்தனை பாக்டீரியா இருக்கும் என்றால், இதுவரை கிடைத்த உணவு எத்தனை பேருக்குப் போதுமோ அத்தனைதான். என் தொட்டியின் கழிவை மேலே தொங்கும் ஃபில்டர், மணல், கல், இரண்டு ஸ்பாஞ்சுகள் எல்லாம் பங்கு போட்டுத் தின்றன. ஒற்றை ஸ்பாஞ்சின் பங்கு என்னவென்று யாருக்கும் தெரியாது. தெரியாததை உயிருள்ள மீனை வைத்துச் சோதிக்க எனக்கு மனம் வரவில்லை. அளந்து பார்த்துவிட்டு விடலாம் என்றேன். அவன் ஒப்புக்கொண்டான்.

கொண்டுபோன விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் காரியம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். ஒரு வாளியில் பாதி அளவு என் தொட்டி நீரையே எடுத்துக்கொண்டேன். ஸ்பாஞ்சை நீருக்குள்ளேயே ஒரு பையில் பொத்தி, கலங்காமல் மெதுவாகத் தூக்கினேன். வாளி நீரில் ஒரே ஒரு முறை இலேசாக அழுத்தியதும் செம்மண் கரைத்தாற்போல் பழுப்பு கிளம்பியது. குனிந்து முகர்ந்தேன். மழை பெய்து ஓய்ந்த மண்ணின் வாசம். அதுதான் வேண்டும். அழுகிய முட்டை நாற்றம் வந்திருந்தால் உள்ளே காற்றோட்டம் அற்றுப்போய்விட்டது என்று பொருள்; அந்த ஸ்பாஞ்சை யாருக்கும் கொடுத்திருக்க மாட்டேன். பயணம் நாற்பது நிமிடம். பேட்டரி ஏர் பம்பை வாளியில் ஓடவிட்டு, மூடியைத் திறந்தே வைத்திருந்தேன். இந்த உயிர்களுக்கு ஆக்சிஜன் இல்லாமல் முடியாது. பலர் ஸ்பாஞ்சைப் பாலித்தீன் பையில் போட்டு நீர் நிரப்பி இறுக்கிக் கட்டிப் பல மணி நேரம் கழித்துத் திறக்கிறார்கள். அதைவிட ஈரத்தோடு, காற்று படும்படி எடுத்துச் செல்வது நல்லது. காய விடவே கூடாது. குழாய் நீரில் அலசவும் கூடாது, அதிலிருக்கும் குளோரின் இந்த உயிர்களைக் கொன்றுவிடும்.

புதுத் தொட்டியின் நீருக்குக் குளோரின் நீக்கி ஊற்றி முந்தைய நாளே தயாராக வைத்திருந்தான். வெப்பம் 26 டிகிரி, பி.எச். 7.4. ஸ்பாஞ்சை மாட்டிக் காற்றைத் திறந்த பின், மீனின் கழிவுக்குப் பதிலாக 0.33 கிராம் அம்மோனியம் குளோரைடு கரைத்து ஊற்றினோம். 52 லிட்டருக்கு அது 2 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) அம்மோனியா. வாளியில் கரைந்திருந்த பழுப்பையும் வீணாக்காமல் சேர்த்துவிட்டேன். அதில் கொஞ்சம் விதை இருக்கும். ஆனால் பெரும்பகுதி உயிர்கள் பஞ்சின் பரப்பில் பசை போல் ஒட்டியிருப்பவை. ஸ்பாஞ்சைப் பிழிந்த அழுக்கை மட்டும் வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு முழுப் பலன் கிடைப்பதில்லை.

மறுநாள் மாலை போன் வந்தது. "சித்தி, சோதனைக் குழாயில் இன்னும் பச்சையாகவே இருக்கிறது." அவன் குரலில் ஏமாற்றம். படம் அனுப்பச் சொன்னேன். நாங்கள் பயன்படுத்தும் சோதனைத் திரவத்தில் மஞ்சள் என்றால் அம்மோனியா இல்லை. பச்சை அடர அடர அளவு கூடுகிறது. 24 மணி நேரத்தில் 2-லிருந்து 1-க்கு இறங்கியிருந்தது. ஒரு நாளில் பாதி! அவனுக்கு அது தோல்வி, எனக்கோ ஸ்பாஞ்ச் பயணத்தில் பிழைத்துவிட்டது என்ற நிம்மதி. இரண்டாம் நாள் அம்மோனியா 0.25, நைட்ரைட் 0.5. நான்காம் நாள் இரண்டும் சுழி. திரும்ப 2 பி.பி.எம். ஊற்றினோம். இம்முறை சுழியாக ஒன்றரை நாள் ஆனது. மூன்றாம் முறை ஊற்றியது 24 மணி நேரத்துக்குள் காணாமல் போனது, நைட்ரைட்டும் இல்லை. நைட்ரேட் மட்டும் 20-க்கும் 40-க்கும் இடையே நின்றது. கணக்கும் ஒத்துவந்தது: அம்மோனியா 1 பி.பி.எம். முழுதாக மாறினால் நைட்ரேட் சுமார் 3.6 பி.பி.எம். வரும், மூன்று தவணைக்கும் 6 என்றால் ஏறக்குறைய 22.

மொத்தம் எட்டு நாள். எதுவும் கடன் வாங்காமல் நான் இரண்டாம் தொட்டியைத் தயார் செய்தபோது 38 நாள் ஆனது. அப்போது ஒரு பாட்டில் பாக்டீரியாத் திரவமும் ஊற்றியிருந்தேன். மூன்று வாரம் வரை நைட்ரைட் அசையவே இல்லை. பாட்டில் எத்தனை நாள் வெயிலில் கிடந்ததோ, யாரிடம் கேட்பது? பழகிய ஸ்பாஞ்ச் விஷயத்தில் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை. நேற்று வரை மீன்களைக் காப்பாற்றியதைக் கண்ணால் பார்த்திருக்கிறோம்.

ஒன்பதாம் நாள் முக்கால் பங்கு நீரை மாற்றி நைட்ரேட்டை இறக்கினான். அன்று மாலையே பத்து நியான்களையும் விட்டான். பத்துச் சிறு மீன்கள் ஒரு நாளில் வெளியேற்றும் அம்மோனியா நாங்கள் ஊற்றிய தவணையைவிட மிகக் குறைவு என்பதால் துணிந்து சம்மதித்தேன். இரண்டு வாரம் தினமும் அளந்தான். மஞ்சள் நிறம் மாறவே இல்லை. மீன் வாங்கத் தாமதமாகும் என்றால் மட்டும் அம்மோனியாவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த உயிர்கள் பட்டினி கிடக்கும்.

கொடுத்த தொட்டியை மறந்துவிடக் கூடாது. கழற்றிய அன்றிலிருந்து மூன்று நாள் என் மீன்களுக்குத் தீனியைப் பாதியாக்கினேன். இரண்டாம் நாள் சோதனைக் குழாயில் மிக மெல்லிய பச்சைச் சாயல் தெரிந்தது, உடனே கால் பங்கு நீர் மாற்றினேன். மறுநாள் தெளிந்துவிட்டது. தொட்டியின் எல்லா ஃபில்டர்களிலும் சேர்த்து இருப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நேரத்தில் எடுக்கக் கூடாது என்பதை நான் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறேன்.

நல்லதோடு வேண்டாததும் வரும். மூன்றாம் வாரம் அவன் கண்ணாடியில் பொட்டுப் பொட்டாகச் சிறு நத்தைகள். என் தொட்டியிலிருந்து முட்டையாக வந்தவை. நத்தை பரவாயில்லை, வெள்ளைப்புள்ளி நோயும் இதே வழியில் வரும். அந்த ஒட்டுண்ணி மீனை விட்டு இறங்கிக் கிடைத்த பரப்பில் ஒட்டிப் பெருகும், ஸ்பாஞ்சும் அதற்கு ஒரு பரப்புதான். என் தொட்டியில் மூன்று மாதமாகப் புது மீன் எதுவும் சேர்க்கவில்லை, நோயும் இல்லை, மருந்தும் போடவில்லை. இந்த மூன்றையும் உறுதியாகச் சொல்ல முடியாதவரிடம் ஸ்பாஞ்ச் வாங்காதீர்கள்.

இனி பொருளின் குறைகள். ரப்பர் உறிஞ்சிகள் நான்காம் மாதமே விறைத்துப் பிடிப்பை இழந்தன. அடியில் ஒரு தட்டைக் கல்லைக் கட்டி நிறுத்தியிருக்கிறேன். ஸ்பாஞ்சை அடித்தண்டில் இணைக்கும் பிளாஸ்டிக் மூட்டு தளர்வானது, தூக்கும்போது இரண்டு முறை கழன்று விழுந்து தொட்டியெல்லாம் கலங்கியது. குமிழிச் சத்தம் இரவில் நன்றாகவே கேட்கும். காற்றுக் குழாயின் நுனியில், காற்றைச் சிறு குமிழிகளாக உடைக்கும் காற்றுக்கல் ஒன்றைச் செருகிய பிறகு சத்தம் பெருமளவு அடங்கியது, நீரோட்டமும் கூடியது. அந்தக் கல்லைத் தயாரிப்பாளர்களே சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டும். பஞ்சின் துளைகள் மிக நுண்ணியவை, அதனால் மூன்று வாரத்துக்கு ஒரு முறை தொட்டி நீரில் பிழியாவிட்டால் ஓட்டம் குறைகிறது. சற்றே பெரிய துளையுள்ள பஞ்சு கிடைத்தால் அதையே வாங்குங்கள். பீங்கான் உருண்டைக் கிண்ணம் இத்தனை மெல்லிய ஓட்டத்தில் பெரிதாகப் பயன்படுவதாகத் தோன்றவில்லை. பார்க்க அழகில்லை என்பதும் உண்மை. செடிக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

வாங்குவதானால் உதிரி ஸ்பாஞ்சுகள் தனியாகக் கிடைக்கிற மாதிரியைப் பார்த்து வாங்குங்கள். நடுத்துளையின் அளவு மாறினால் மாட்டவே முடியாது. நான் வாங்கும்போதே கூடுதலாக ஒரு ஜோடி எடுத்து வைத்திருந்தேன். அடித்தண்டில் காலியான பக்கத்தில் மாட்டிய புது ஸ்பாஞ்சுக்கு இன்றோடு ஐந்து வாரம். இன்னும் வழுவழுப்பு வரவில்லை. ஆனால் ஒரே ஒரு கோரிடோராஸ், எல்லாவற்றிலும் சிறியது, நேற்றிலிருந்து அதன் அடிப்பக்கத்தைத் துழாவத் தொடங்கியிருக்கிறது.