இங்காட்டை நீட்டும் வேலைக்கு எந்தக் கணக்கு?

இங்காட் எனப்படும் பெரிய எஃகு வார்ப்புக் கட்டியைத் தட்டை டைகளுக்கு (அமுக்கும் கட்டைகளுக்கு) இடையே சிறிது சிறிதாக ஊட்டி அமுக்கி, 90 பாகை திருப்பி மீண்டும் அமுக்கி நீட்டுவதை ஃபோர்ஜிங் கூடங்களில் காகிங் என்பார்கள். இதில் எந்த நேரத்திலும் டையின் கீழுள்ள சிறு பகுதி மட்டுமே உருமாறுகிறது. மீதி உலோகம் அசையாமல் நின்று அதை இறுக்கிப் பிடித்திருக்கிறது. ஒரே அடியில் அச்சை நிரப்பும் வேலைக்குப் பொருந்தும் கணக்கு இங்கே தடுமாறுவது அதனால்தான்.

விசைக்குப் பலரும் முதலில் எடுப்பது, உலோகத்தை மெல்லிய சீவல்களாகப் பிரித்துச் சமநிலை எழுதும் சீவல் முறை. 400 மி.மீ. சதுரக் கட்டை, ஊட்டு நீளம் (ஓர் அமுக்கலில் டையின் கீழ் வரும் நீளம்) 200 மி.மீ., சூட்டில் பாய்வுத் தகைவு (உலோகம் நிலையாக உருமாறத் தேவையான தகைவு, அதாவது பரப்பலகுக்கான விசை) 80 மெகாபாஸ்கல், உராய்வுக் கெழு 0.3 என்று கொள்வோம். தொடுபரப்பு 0.08 சதுர மீட்டர்; தளத்திரிபுக்கு (அகலம் மாறாது என்ற எடுகோளுக்கு) 1.155, உராய்வுக்கு 1.075 என்று பெருக்கினால் விசை ஏறத்தாழ 8 மெகாநியூட்டன், அதாவது சுமார் 800 டன். பிரஸ் தாங்குமா என்று பார்க்க ஒரு காகிதம் போதும். ஆனால் இதே சூத்திரத்தின்படி கட்டை உயர உயர உராய்வுப் பங்கு குறைந்து அழுத்தமும் குறையவேண்டும். உண்மையில் உயரம் ஊட்டு நீளத்தை மிஞ்சியபின் அழுத்தம் ஏறுகிறது. உலோகம் நழுவும் திசைகளைக் கோடுகளாக வரைந்து தகைவைக் கணக்கிடும் நழுவல்கோட்டுக் கோட்பாட்டின்படி, உயரம் ஊட்டு நீளத்தைப் போல் 8.7 மடங்காகும்போது அது தளத்திரிபுப் பாய்வுத் தகைவின் 2.57 மடங்கைத் தொடும். எண்ணில் பிழை வந்தால் திருத்திக்கொள்ளலாம். போக்கிலேயே பிழை என்றால் அந்த முறையை ஒதுக்குவதே நல்லது.

உலோகத்தை ஒன்றோடொன்று நழுவும் திடத் துண்டுகளாகக் கற்பனை செய்யும் மேல்வரம்பு முறை இந்த ஏற்றத்தைச் சரியாகப் பிடிக்கிறது. அது தரும் விசை, எடுத்துக்கொண்ட பொருள் மாதிரிக்குரிய உண்மை விசைக்குக் கீழே போகாது என்பது பிரஸ்ஸைத் தேர்ந்தெடுப்பவருக்கு ஆறுதல். இருந்தாலும் நடுப்பகுதியின் தகைவை அது சொல்லாது. காகிங்கில் தலைவலியோ நடுவில்தான். ஊட்டு நீளம் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போனால் மேலும் கீழும் உருமாறும் பகுதிகள் சந்திக்காமல், மையம் நீளவாக்கில் இழுபட்டு, வார்ப்பில் உண்டான, அமுக்கி மூட வேண்டிய துளைகள் திறக்கக்கூடும்.

அகலப் பெருக்கத்துக்கு 1959இல் டாம்லின்சனும் ஸ்ட்ரிங்கரும் தந்த அனுபவச் சூத்திரத்தை விடக் கைக்கு அடக்கமானது எனக்குத் தெரியவில்லை. மேற்சொன்ன கட்டையை 320 மி.மீ.க்கு அமுக்கினால் பரவல் கெழு (உயரக் குறைவில் எவ்வளவு பங்கு அகலமாகப் போகிறது என்ற எண்) சுமார் 0.31, அகலம் 428 மி.மீ. ஆகும், அமுக்கிய பகுதி 17 விழுக்காடு நீளும். உள்ளே என்ன நடக்கிறது என்று மட்டும் கேட்கக்கூடாது.

உள்ளே பார்க்க, உலோகத்தை வலைபோல் சிறு கூறுகளாகப் பிரித்துக் கணினியில் தீர்க்கும் ஃபைனைட் எலிமென்ட் முறை வேண்டும். 1970களில் லீயும் கோபயாஷியும் வகுத்த திட-பிளாஸ்டிக் வடிவம் (மீள்தன்மையை விட்டுவிட்டு நிலையான உருமாற்றத்தை மட்டும் கணக்கில் எடுப்பது) திரிபு, தகைவு இரண்டையும் காட்டும். வெப்பக் கணக்கையும் சேர்த்தால் டை பட்டுக் குளிரும் மேற்பரப்பும் தெரியும். விலை நேரம்தான்: நூற்றுக்கணக்கான அமுக்கல்களில் ஒவ்வொன்றுக்கும் அசையாத பெரும்பகுதியையும் சேர்த்துத் தீர்க்கவேண்டும், வலையை மறுபடி மறுபடி அமைக்கும்போது கன அளவு சிறிது சிறிதாகக் கசியும்.

இரண்டு நிறப் பிளாஸ்டிசினை (களிமண் போன்ற மென்பொருளை) உலோகத்துக்குப் பதிலாக அடுக்கி அமுக்கி அறுத்துப் பார்ப்பவர்களைப் பழைய காலத்தவர் என்று சிரிக்கவேண்டாம். குளிர்ந்த மேற்பரப்பை அது காட்டாது. மையத்து அடுக்குகள் வளைந்தனவா, நேராகவே கிடக்கின்றனவா என்பதை அரை மணி நேரத்தில் காட்டிவிடும். புதிய ஊட்டு வரிசைக்கு நான் முதலில் இதையும், விசைக்கு மேல்வரம்பு முறையையும் எடுப்பேன். கணினியில் முழு வரிசையை ஓட்டாமல், சந்தேகம் எழும் இரண்டு மூன்று அமுக்கல்களை மட்டும் ஓட்டுவேன்.