எட்டு வட்டு, மூன்று குச்சி: 380 ரூபாய்க்கு வாங்கிய கணக்கு

மதுரையில் முப்பது வருஷம் டவுன் பஸ் கண்டக்டராக இருந்தவன் நான். சில்லறைக் கணக்கு கையிலேயே ஊறியது. ஆனால் ஆறாவது படிக்கும் என் பேத்திக்குக் கணக்கு என்றாலே முகம் வாடிவிடும். போன மாதம் மீனாட்சி கோயில் பக்கம் கடைசல் மரச்சாமான் விற்கும் ஒரு சின்னக் கடையில் ஹனோய் கோபுரம் வாங்கி வந்தேன்.

ஒரு பலகை, மூன்று குச்சி, சிறிதும் பெரிதுமாக எட்டு வட்டு. முதல் குச்சியில் இருக்கும் அடுக்கைக் கடைசிக் குச்சிக்கு மாற்ற வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு வட்டுதான். சின்னதன் மேல் பெரியதை வைக்கக் கூடாது. பிரான்ஸ் நாட்டுக் கணித அறிஞர் எதுவார் லூக்கா 1883-இல் கொண்டுவந்த விளையாட்டு இது.

எட்டையும் ஒரேயடியாகக் கொடுத்துவிடாதீர்கள், பிள்ளை மிரண்டுவிடும். நாங்கள் மூன்றில் தொடங்கினோம். ஒரு நகர்த்தலுக்கு ஒரு புளியங்கொட்டை என்று எண்ணினோம். முதலில் 11, அப்புறம் 7. நான்கு வட்டுக்கு 15. காலண்டர் தாளின் பின்பக்கம் 1, 3, 7, 15 என்று எழுதியவள், "தாத்தா, இரட்டிச்சு ஒண்ணு கூட்டினா அடுத்தது வந்துடுது!" என்றாள். ஏன் என்று கேட்டேன். அடி வட்டை எடுக்க மேலே உள்ள மூன்றையும் நடுக்குச்சிக்கு மாற்ற 7, அடி வட்டுக்கு 1, மூன்றையும் திரும்ப அதன் மேல் ஏற்ற இன்னொரு 7. அவளே வட்டுகளைத் தொட்டுக் காட்டிச் சொன்னாள். ஐந்துக்கு 31 என்று முன்கூட்டியே எழுதிவைத்து, ஆடிப் பார்த்துச் சரிபார்த்தாள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

எட்டுக்கு 255. இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஒன்று விட்டு ஒரு நகர்த்தல் சின்ன வட்டினுடையது, 255-இல் 128. அது எப்போதும் ஒரே திசையில் முதல் குச்சி, நடு, கடைசி, மறுபடி முதல் என்று சுற்றுகிறது, எங்கள் டவுன் பஸ் டிரிப் மாதிரி. நடுவில் வரும் நகர்த்தலுக்கு ஒரே ஒரு வழிதான் இருக்கும். அடியில் கிடக்கும் பெரிய வட்டோ சித்திரைத் தேர் போல ஒரே ஒரு தடவைதான் அசைகிறது. இது பிடிபட்ட பிறகு இருபது நிமிடத்துக்குள் முடித்துவிடுகிறோம். 64 வட்டு இருந்தால் நொடிக்கு ஒன்று நகர்த்தினாலும் 58,000 கோடி வருஷத்துக்கு மேல் ஆகும்.

குறையும் இருக்கிறது. நான்காவது, ஐந்தாவது வட்டுகள் ஏறக்குறைய ஒரே அளவு, இரண்டும் பச்சை. பேனாவால் எண் போட வேண்டியதாயிற்று. விளையாடும் முறையைச் சொல்லும் துண்டுச்சீட்டுகூட இல்லை. ஒரு குச்சி ஆடுகிறது. கடைக்காரரிடம் சொன்னதும் மாற்றித் தருகிறேன் என்றார், பேத்திதான் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டாள். மரம் நல்ல வழவழப்பு, கையில் சிராய் ஏறவில்லை. கொடுத்த காசுக்குத் தாராளமாக வாங்கலாம்.

இப்போது அவள், "நாலாவது குச்சி இருந்தா?" என்கிறாள். பக்கத்தில் ஒரு சில்வர் தட்டை வைத்து அதைக் குச்சியாகப் பாவித்து ஆடுகிறோம். எட்டு வட்டுக்கு 33 நகர்த்தல் போதும். நேற்று ராத்திரி வரை நாங்கள் 41-இல் நிற்கிறோம்.