கடலோர விமான நிலையத்தில் ஏசோஸ்: பழுது நீங்கிய பின் ஒரு விமானியின் மதிப்பீடு

கலிபோர்னியக் கடற்கரையில் நான் விமானம் நிறுத்தியிருக்கும் சிறு விமான நிலையத்தில், ஏசோஸ் என்னும் தானியங்கி வானிலை நிலையத்தின் மேக உயரமானி வெகுநாள் பழுதாகிக் கிடந்து, சென்ற மாதம்தான் சரிசெய்யப்பட்டது. அண்மையில் உரிமம் பெற்ற நண்பர் ஒருவர், "இனி அதை நம்பி இறங்கலாமா?" என்று கேட்டார்.

பழுதாகியிருந்தபோது அது மேக நிலையைப் பற்றித் "தகவல் இல்லை" என்று சொன்னது. உண்மையைச் சொன்னால், அந்த நாட்களே மேல். இப்போது, கோடை மாலையில் கடல்மூடுபனி ஓடுபாதையின் மேற்கு முனையை விழுங்கத் தொடங்கிய பிறகும், கிழக்கு முனையில் நிற்கும் இந்த இயந்திரம் 12,000 அடிக்குக் கீழே மேகமே இல்லை என்று ஏற்ற இறக்கமற்ற குரலில் ஒலிபரப்பிக்கொண்டிருக்கிறது. லேசர் துடிப்பைச் செங்குத்தாக மேலே அனுப்பி, அது மேகத்தின் அடிப்பகுதியில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு உயரத்தைக் கணக்கிடும் கருவி இது. கிணற்றுத் தவளைக்குக்கூட வட்டமாக ஒரு துண்டு வானம் தெரியும். இதற்குத் தெரிவதோ லேசர் போகும் கோடு மட்டும். கடந்த 30 நிமிடங்களில் அந்தக் கோட்டைக் கடந்த மேகங்களைத் தொகுத்து, கடைசி 10 நிமிடங்களுக்கு இரட்டை மதிப்புக் கொடுத்து, வானம் எவ்வளவு மூடியிருக்கிறது என்று முடிவுசெய்கிறது. காற்றில் நகர்ந்து செல்லும் திட்டுமேகங்களுக்கு இது நல்ல உத்திதான். பக்கத்தில் வந்து நிற்கும் பனித்திரளுக்கு இதனால் எந்தப் பயனும் இல்லை.

மற்ற உணரிகளை வடிவமைத்தவர்கள் விமானியின் அச்சத்தை அறிந்தவர்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். பார்வைத் தூரத்தை 10 நிமிட இசைச் சராசரியாக, அதாவது சிறிய எண்களுக்கு அதிக எடை கொடுக்கும் சராசரியாகக் கணக்கிடுவதால், பனி இறங்கும்போது எண் விரைவாகக் குறைகிறது. விலகும்போது தயங்கித் தயங்கித்தான் ஏறுகிறது. காற்றழுத்தத்தில் இன்னும் கறார். ஒன்றுக்கு மேற்பட்ட உணரிகள் ஒத்துப்போனால்தான் எண்ணைச் சொல்லும்; ஒத்துப்போகாவிட்டால் சொல்லாமல் விட்டுவிடும். இந்த அழுத்த எண் பாதரச அளவில் 0.1 அங்குலம் பிசகினால், அதைக் கொண்டு அமைக்கும் விமானத்தின் உயரமானி ஏறத்தாழ 100 அடி பொய் சொல்லும் என்பதை நினைத்தால், அந்த மௌனத்தின் அருமை விளங்கும். வீட்டிலிருந்தே தொலைபேசியில் அழைத்து, அந்த நிமிடத்து நிலவரத்தைக் கேட்க முடிவதும் இத்தனை ஆண்டுகளாக எனக்குச் சலிக்காத வசதி.

பராமரிப்பு மட்டும் வேறு கதை. தன்னைத்தானே சோதித்துக் கோளாறு கண்டால், அறிக்கையின் இறுதியில் டாலர் குறி ஒன்றை இந்த நிலையம் சேர்த்துவிடும். எங்கள் அறிக்கையில் அந்தக் குறி வாரக்கணக்கில் நின்றது. இயந்திரம் முறையிட்டுக்கொண்டே இருக்க, கேட்க வேண்டியவர்கள்தான் கேட்கவில்லை.

ஆகவே நண்பருக்கு என் பதில்: அழுத்தத்தையும் காற்றையும் சொன்னபடியே எடுத்துக்கொள்ளுங்கள், மேகத்தை மட்டும், ஒருமுறை மேற்கே சுற்றிவந்து கண்ணால் பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள். இது இல்லாத ஊருக்கு நான் விருப்பப்பட்டுப் பறப்பதில்லை என்பது உண்மையே. ஆனாலும் மதிப்பெண் கேட்டால், இன்றைக்கு ஐந்துக்கு இரண்டுக்கு மேல் கொடுக்க எனக்கு மனமில்லை; நேற்று மாலையும் பனி ஓடுபாதையில் பாதியை மூடிய பிறகே வாயைத் திறந்தது.