தெஹிவளையில் வீடு கட்டினோம்: கொந்தராத்துக்காரருக்கு ஐந்தில் மூன்றரை

குடிபூரல் முடிந்து ஐந்து மாதம். கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று பொறுத்திருந்தேன். கொந்தராத்துக்காரரின் பெயரைப் போடவில்லை, கேட்காதீர்கள், அவருடைய காசில் கொஞ்சம் இன்னும் எங்கள் கையில் இருக்கிறது.

காணி தெஹிவளையில், காலி வீதியிலிருந்து உள்ளே போகும் ஒரு ஒழுங்கையில், எட்டரை பேர்ச். வெள்ளவத்தை பிளாட்டில் பதினொரு வருடம் இருந்து லிஃப்டோடும் தண்ணீர் மோட்டரோடும் சண்டை பிடித்தது போதும் என்று முடிவெடுத்தோம். இரண்டு மாடி, 2,100 சதுர அடி. மூன்று பேரிடம் விலை கேட்டோம். ஒருவர் சதுர அடிக்கு 9,500 ரூபாய், அடுத்தவர் 12,800, மூன்றாமவர் 14,000. எனக்கு 9,500 என்றதும் வாயூறியது, மறைப்பானேன். ஆனால் அவர் தந்தது ஒரே ஒரு தாள். மனுசிக்கு வங்கியில் வேலை, கடன் கோப்புகளைப் பார்த்துப் பழகிய கண். "டைல் எண்டு மட்டும் எழுதியிருக்கு, என்ன டைல், என்ன விலை, ஒண்டும் இல்லை" என்றாள். மதில் இல்லை, கேட் இல்லை, செப்டிக் டாங்க் இல்லை, கறையான் மருந்து இல்லை. விட்டதையெல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் அதுவும் 12,000ஐத் தாண்டியது. சதுர அடி விலை என்று யாராவது சொன்னால் உள்ளே என்ன, வெளியே என்ன என்று கேளுங்கள், அதைக் கேட்காமல் விலையை ஒப்பிடுவது வீண் வேலை.

12,800காரர் கொண்டுவந்த பீஓகியூ, அதாவது பொருளையும் வேலையையும் அளவோடு பட்டியல் போட்ட விலைப்பத்திரம், 19 பக்கம். கம்பி எத்தனை கிலோ, மணல் எத்தனை கியூப், வயரிங் எத்தனை பொயின்ற், எல்லாம் எழுத்தில் இருந்தது. கொந்தராத்துக்காரர்களைப் பதியும் அரச நிறுவனமான சீடாவில் பதிவும் இருந்தது. அங்கே கட்டடக் கொந்தராத்துக்காரர்களுக்கு சி1, சி2 என்று தரம் போகிறது, சி9தான் ஆகச் சின்ன வேலைகளுக்கானது, ஆகவே எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் நேற்று பெயின்ட் அடித்த வீட்டைத்தான் காட்டுவார்கள். நாங்கள் பழைய வீடு ஒன்றைக் காட்டச் சொன்னோம். ஏழு வருடத்துக்கு முன் கட்டிய பொரலஸ்கமுவ வீட்டுக்கு, ஒக்டோபர் மழையில், அவரே கூட்டிக்கொண்டு போனார். அந்த ஆன்ட்டி பிளேன்டீ தந்துவிட்டு, சுவரில் வெடிப்பு வந்து திருத்திய இடத்தையும் காட்டினார். "கூப்பிட்டால் வருவார், ஆனால் சொன்ன கிழமை வரமாட்டார், அடுத்த கிழமை வருவார்" என்று சிங்களத்தில் சொன்னார். சிரித்தோம். அந்த இடத்திலேயே முடிவும் எடுத்துவிட்டோம்.

ஒப்பந்தத்தில் மனுசி இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. 2022இல் ஒரு பேக் சீமெந்து 3,000 ரூபாயைத் தாண்டியபோது எத்தனை வீடுகள் தூணும் கம்பியுமாக நின்றன என்று கொழும்பில் இருந்தவர்களுக்குத் தெரியும். அதனால் சீமெந்துக்கும் கம்பிக்கும் மட்டும், கடை பில்லைக் காட்டினால் மட்டும் விலை கூட்டலாம் என்று எழுதினோம். மற்றது, ஒவ்வொரு பில்லிலும் ஐந்து வீதம் பிடித்து வைப்பது. பாதியை வீடு கையளிக்கும்போதும், மீதியை ஒரு வருடம் கழித்தும் கொடுப்பது.

அத்திவாரத்துக்கும் சிலாப்புக்கும் முழுப் புள்ளி. ஒழுங்கைக்குள் ரெடிமிக்ஸ் லொறி வரமுடியாது, சைட்டிலேயே மிக்ஸர் வைத்துத்தான் கொங்கிரீட் போட்டார்கள், இருந்தாலும் அந்தக் கொங்கிரீட்டில் மாதிரிக் கட்டிகள் எடுத்து ஏழாம் நாளும் இருபத்தெட்டாம் நாளும் சோதித்து ரிப்போர்ட் தந்தார். மேசன் பாஸ் பதுளைப் பக்கத்துத் தமிழர். சிலாப் போட்ட அடுத்த நாள் நல்ல வெயில், நான் போனபோது மேலே வரம்பு கட்டித் தண்ணீர் நிறுத்திக்கொண்டிருந்தார். "ஐயா, ஏழு நாளைக்கு இத காயவுடக் கூடாது, ஒங்க வூட்டுல யாரும் இல்லாட்டியும் நான் இருக்கேன்" என்றார். முதலாளிக்கு நான் தரும் புள்ளியில் ஒன்று உண்மையில் இந்த மனிதருக்கு உரியது.

இடையில் மாமி வந்து படிக்கட்டு வாஸ்துப்படி இல்லை என்றார். திசையை மாற்றினோம், மேலதிகமாக ஒரு இலட்சத்து எண்பதாயிரம். அது கொந்தராத்துக்காரரின் பிழை இல்லை, மாமியின் பிழை என்றும் இங்கே எழுத முடியாது.

இனி குறை. எட்டு மாதம் என்றார், பதின்மூன்று மாதம் எடுத்தது. சுவர் எழும்பும் வரை ஓட்டமாக ஓடிய வேலை, டைல் பதிக்கும் கட்டத்தில் படுத்துவிட்டது. டைல் பாஸை இன்னொரு சைட்டுக்குத் தூக்கிப் போய்விட்டார்கள், பிறகு ஏப்ரல் புதுவருடம், ஊருக்குப் போனவர்கள் திரும்பி வர மூன்று கிழமை. பிளாட் வாடகையும் கடன் வட்டியும் ஒன்றாகக் கட்டிய அந்த மாதங்களில் நானும் மனுசியும் பேசிக்கொண்டதே சைட்டைப் பற்றித்தான், அதுவும் சத்தமாக.

அதைவிட மோசம் மேல் பாத்ரூம். வாட்டர்ப்ரூஃபிங் செய்தால், டைல் பதிக்க முன் தளத்தில் ஒரு நாளாவது தண்ணீர் கட்டி நிறுத்தி, கீழே கசிகிறதா என்று பார்க்க வேண்டும். நாள் போகிறது என்று அதைச் செய்யவில்லை, நாங்களும் கேட்கவில்லை. குடிவந்த இரண்டாம் மாதம் சாப்பாட்டு மேசைக்கு நேர் மேலே சீலிங்கில் மஞ்சள் வட்டம். திரும்ப டைல் உடைத்து, பூசி, இம்முறை இரண்டு நாள் தண்ணீர் கட்டிப் பார்த்தார்கள். செலவு முழுக்க அவருடையது. மனம் நல்லதா, எங்களிடம் மிச்சமிருந்த ஆறரை இலட்சத்துச் சொச்சமா காரணம் என்று நான் ஆராயவில்லை.

தினமும் பின்னேரம் சைட்டில் போய் நிற்க ஒருவர் இருந்தால் இவரை எடுக்கலாம். வெளிநாட்டில் இருந்துகொண்டு வட்ஸ்அப் படத்தை நம்பிக் கட்டப்போகிறவர்களுக்குச் சொல்லமாட்டேன்.

படிக்கட்டுக் கைப்பிடியில் ஒரு திருகு இன்னும் ஆடுகிறது. வியாழக்கிழமை ஆள் அனுப்புகிறாராம். பொரலஸ்கமுவ ஆன்ட்டியின் கணக்குப்படி, அடுத்த வியாழன்.