நீமோவா, கோகோவா: தடைக்காலத்து ராத்திரிக்கு எந்தப் படம்?

ஏப்ரல் 15 வந்துவிட்டால் விசைப்படகுகள் எல்லாம் கரையில் நிற்கும். ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். எங்கள் தங்கச்சிமடத்தில் ஆம்பிளைகள் ராத்திரிச் சோற்றுக்கு வீட்டில் இருப்பது அந்த நாட்களில்தான். போன தடைக்காலத்தில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு படம் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடித்தார்கள். மகனுக்கு 12 வயசு, மகளுக்கு 8. கூடவே என் வீட்டுக்காரரும் மாமியாரும்.

பேச்சு கடைசியில் இரண்டு பிக்சார் படங்களில் வந்து நின்றது. 2003-ல் வந்த ‘ஃபைண்டிங் நீமோ’, 2017-ல் வந்த ‘கோகோ’. இரண்டும் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கியவை. இரண்டுமே ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். படம் வரைந்த அழகு, இசை பற்றியெல்லாம் நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. அன்று நீமோ ஓடியது, அடுத்த வாரம் கோகோ. அதற்குப் பிறகு கோகோவை இன்னும் மூன்று முறை பார்த்துவிட்டோம். என் மனசு எந்தப் பக்கம் என்பது இதிலேயே தெரிந்திருக்கும்.

முதலில் நீமோ. கடலோரப் பிள்ளைகளுக்கு அதில் தெரியாதது எதுவும் இல்லை. மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் கோமாளி மீனை குஞ்சு பொரிக்க வைத்தே வளர்க்கிறார்கள். அதனால் ஆரஞ்சும் வெள்ளையுமான அந்த மீன் திரையில் வந்ததும் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருவரும் கத்தினார்கள். ஆரம்பத்திலேயே தாய் மீனும் நானூறு முட்டைகளும் போய்விடுகின்றன. மிஞ்சுவது ஒரே ஒரு முட்டை. வேட்டையாட வந்த மீனைப் பார்த்து மகள், “சீலாம்மா அது!” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். பாறையை விட்டுத் தள்ளிப் போகாதே என்று மகனை அடக்கி வைக்கும் அப்பா, அந்த மகன் நீமோ பிடிபட்டதும் அவனைத் தேடி சிட்னி வரைக்கும் போகிறார். சிரிப்பும் நிறைய. சின்னப் பிள்ளைகள் மட்டும் பார்ப்பதாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இதைப் போடலாம்.

கடைசியில் வலைக்குள் அகப்பட்ட மீன்கள் எல்லாம் சேர்ந்து கீழே நீந்துகிற காட்சி வந்தபோது மட்டும் வீடு அமைதியாகிவிட்டது. மகன் அவன் அப்பாவைப் பார்த்து, “ஏம்ப்பா, நம்ம வலை மடியிலயும் இப்படி ஒரு குட்டி இருந்திருக்குமா?” என்று கேட்டான். இருந்திருக்கும் என்றார். “ஆனா ஒன்னு, எல்லாம் ஒரே பக்கமா இழுத்தா வலை தாங்காது. அது நெசம்தான்” என்றும் சொன்னார். பிள்ளைக்குப் பொய் சொல்லாமல், தொழிலையும் விட்டுக்கொடுக்காமல் அவர் பதில் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் அந்தப் படத்தில் அப்பன் பிள்ளையைத் தேடுகிறான். எங்கள் கரையில் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பது பிள்ளைகள், தேடப்படுவது அப்பா. நீமோ கதையில் தேடப்பட்ட பிள்ளை திரும்பி வந்துவிடுகிறான், பார்த்த நமக்கும் நிம்மதி. இங்கே ஒவ்வொரு தெருவிலும் திரும்பி வராத ஒருத்தர் பேராவது இருக்கிறது. அவர்களுக்கு அந்தக் கதையில் இடமில்லை. நான் கோகோ பக்கம் சாய்ந்ததற்கு இந்த ஒரு காரணம் போதும்.

கோகோவின் கதை மெக்சிகோவில் நடக்கிறது. செருப்புத் தைக்கிற குடும்பம், பாட்டுக்கே தடை போட்ட வீடு, பாட வேண்டும் என்று துடிக்கிற 12 வயசுப் பையன் மிகேல். இறந்தவர்களை நினைக்கும் நாளில் அவன் அவர்களுடைய உலகத்துக்கே போய்ச் சேர்ந்துவிடுகிறான். அந்த நாள் நவம்பர் 1, 2. எங்கள் கல்லறைத் திருநாளும் நவம்பர் 2-தான். அவர்கள் செண்டுப்பூவை வழி நெடுக உதிர்த்து வைக்கிறார்கள், நாங்கள் அதே பூவைக் கல்லறை மேல் பரப்பி மெழுகுதிரி ஏற்றுகிறோம். பக்கத்தில் ராமேஸ்வரத்தில் ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் அக்னி தீர்த்தக் கரையில் எள்ளும் தண்ணீரும் இறைக்க வரும் கூட்டத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கும் இந்தப் படத்தில் யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை.

படத்தில் ஒரு சட்டம் உண்டு. உயிரோடு இருப்பவர்கள் வீட்டில் படம் வைத்துக் கும்பிட்டால்தான் இறந்தவர் இரண்டு உலகத்துக்கும் நடுவில் இருக்கும் பூப்பாலத்தைத் தாண்டி வர முடியும். உயிரோடு இருப்பவர்களில் கடைசி ஆளும் மறந்துவிட்டால் அவர் அங்கேயும் இல்லாமல் போய்விடுவார். மகன் இதைத் தமிழில் சொன்னதும் என் மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியை அடித்த புயலில் அவருடைய அப்பா போய்விட்டார். அப்போது மாமியாருக்கு ஏழு வயசு. உடம்பு கிடைக்கவில்லை, அதனால் கல்லறை கிடையாது. புகைப்படம் எடுக்கிற வழக்கமும் அந்த வீட்டில் இல்லை. கூடப் பிறந்தவர்கள் யாரும் இப்போது இல்லை. அந்த முகத்தைப் பார்த்த ஆள் என்று உலகத்தில் இன்று அவர் ஒருவர்தான்.

படத்தின் கடைசிப் பகுதியில், நினைவு தப்பிப்போன பூட்டி கோகோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மிகேல் பாடுவான். அவள் மேசை இழுப்பறையிலிருந்து அப்பாவின் முகம் இருக்கும் கிழிந்த துண்டை எடுத்துக் கொடுப்பாள். நான் அழுதுகொண்டிருந்தேன். மாமியார் அழவில்லை. “அவளுக்காவது ஒரு துண்டுப் படம் இருந்துச்சு” என்றார், அவ்வளவுதான்.

அந்தச் சட்டத்தை அவர் ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். “நாம மறந்தா அவுக இல்லாமப் போயிருவாகளா? ஆண்டவரு மறக்க மாட்டாரு” என்று அடித்துச் சொன்னார். எனக்கும் அது சரியென்றே படுகிறது. கோகோவில் வேறு குறைகளும் உண்டு. பாட்டுக்காரரைப் பற்றி நடுவில் வருகிற திருப்பம் நம் சினிமாவில் பலமுறை பார்த்ததுதான், மகன் முன்னாடியே கண்டுபிடித்துவிட்டான். எலும்புக்கூடுகள் நடமாடுகிற படம். என் எட்டு வயசுக்காரி பயப்படவில்லை, நாலைந்து வயசுப் பிள்ளை எப்படி எடுத்துக்கொள்ளும் என்பது எனக்கு அனுபவமில்லை. புதிதாகத் துக்கம் நடந்த வீட்டில் உடனே போடலாமா என்பதையும் அந்தந்த வீட்டார்தான் முடிவு செய்ய வேண்டும். மாமியாருக்கு அறுபது வருசம் கழிந்திருந்தது.

நீமோ முடிந்த ராத்திரி சிரித்துவிட்டுத் தூங்கினோம். கோகோ முடிந்த ராத்திரி பிள்ளைகள் அப்பத்தாவை விடவில்லை. அவுக உயரமா? பாடுவாகளா? உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுவாக? இத்தனை வருசம் இந்த வீட்டில் இருக்கிறேன், நான் ஒருநாளும் கேட்டதில்லை. அவர் அப்பா அவரைக் கூப்பிட்டது “குட்டித்தாயி” என்று. படம் பார்த்த அன்றுதான் எனக்குத் தெரியும்.

நவம்பர் 2-க்கு முந்தின நாள் மகள் நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு அவர் காலடியில் உட்கார்ந்தாள். அவர் சொல்லச் சொல்ல வரைந்தாள். நெத்தி அகலம், மீசை இன்னும் கீழே, கழுத்தில் உத்திரியம். மூன்று தாள் கிழிந்தது. நாலாவதைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய் ரொம்ப நேரம் பார்த்தார். “காது இம்புட்டுப் பெருசு இல்ல தாயி” என்று சொல்லிவிட்டு, அதைத் திருப்பிக் கொடுக்காமல் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்.