“பஞ்சு மாதிரி இருக்கும் சார்”: ஜெல் சீட் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

ரோடு பைக் என்கிற வேக சைக்கிள் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. ஞாயிறு விடிகாலையில் திருவான்மியூரில் கிளம்பி ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் வரை போய்த் திரும்புவேன். முட்டுக்காடு பாலம் வரும்போதே உட்காருமிடம் கடுக்க ஆரம்பித்துவிடும். சைக்கிளோடு வந்த சீட்தான் காரணம் என்று நானே முடிவுகட்டி ஒரு கடைக்குப் போனேன்.

என்ன சைக்கிள், எவ்வளவு தூரம் ஓட்டுகிறேன், எங்கே வலிக்கிறது, எதையும் கடைக்காரர் கேட்கவில்லை. அகலமான ஜெல் சீட் ஒன்றை மேஜையில் வைத்து, “கட்டைவிரலால அமுக்கிப் பாருங்க சார், பஞ்சு மாதிரி இருக்கும்” என்றார். அமுக்கினேன். பஞ்சுதான். விலை 4,800 ரூபாய். “ஒத்துவரலைன்னா ஒரு வாரத்துல கொண்டாங்க, மாத்தித் தரேன்” என்றதும் சரி என்றுவிட்டேன். கடைப் பையன் புதியதை மாட்டிவிட்டு, “பழசு வேஸ்ட்டுதானே அண்ணா?” என்று உள்ளே எடுத்துப் போனான். அதற்கும் தலையாட்டினேன், மடையன்.

அந்த ஞாயிறு கோவளம் வரை சொகுசுதான். அதற்குப் பிறகு மரத்துப்போக ஆரம்பித்தது, சொல்லக் கூச்சமான இடத்தில். உள்தொடை இரண்டும் உரசி உரசித் தோல் வழன்றுவிட்டது. காரணம் பிறகுதான் புரிந்தது. நம் எடையைத் தாங்க வேண்டியவை இடுப்புக்கு அடியில் இருக்கும் இரண்டு எலும்பு முனைகள். மெத்தென்ற ஜெல்லில் அவை அமிழ்ந்துபோக, நடுவில் ஜெல் பிதுங்கி மேலே வந்து, நரம்பும் ரத்தக்குழாயும் ஓடுகிற மென்மையான சதையை அழுத்துகிறது. குனிந்து ஓட்டும் ரோடு பைக்கில் அது இன்னும் மோசம்.

நாலாம் நாள் திருப்பிக் கொண்டுபோனேன். அவர் சீட்டைக் கவிழ்த்து, அடியில் உள்ள ரெயிலில், அதாவது சைக்கிளோடு இறுக்கி மாட்டும் கம்பியில், டார்ச் அடித்துக் காட்டினார். “க்ளாம்ப் மார்க் விழுந்திருச்சே சார், கம்பெனி எடுத்துக்காது.” அந்த மார்க் அவர் கடைப் பையன் திருகு முடுக்கும் ஆலன் கீயால் முறுக்கியதில் விழுந்தது! மாட்டாமல் ஓட்டிப் பார்க்க முடியாது, மாட்டினால் மார்க் விழும். அப்படியென்றால் “மாத்தித் தரேன்” என்ற பேச்சு கடையை விட்டு வெளியே வரும் முன்பே செத்துவிட்டது. போதாக்குறைக்கு, “500 கிலோமீட்டர் ஓட்டுங்க, செட் ஆயிடும்” என்று ஒரு உபதேசம். தோல் சீட் நாளாக நாளாக உடம்புக்கு ஏற்ப வளைந்துகொடுக்கும். ஜெல்லுக்கு அந்தக் குணம் கிடையாது.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம் என்று பில்லை எடுத்தால், மேலே ‘எஸ்டிமேட்’ என்று அச்சடித்திருக்கிறது. ஜி.எஸ்.டி. எண் இல்லை, சீட்டின் பெயர்கூட இல்லை. மாற்றித் தருவதாகச் சொன்னால், மாட்டிய பிறகும் உண்டா என்று கேட்டு, அதைச் சரியான பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பழைய சீட்டை மறக்காமல் வீட்டுக்கு எடுத்து வாருங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நெடுந்தூரம் ஓட்டும் நண்பர் ஒருவர் அட்டைப்பெட்டித் துண்டு ஒன்றை ஸ்டூலில் போட்டு என்னை உட்காரச் சொன்னார். கொஞ்சம் முன்னே குனிந்து உட்கார்ந்து எழுந்தால் இரண்டு குழி. நடுவுக்கு நடு அளந்தால் 118 மி.மீ. அதோடு இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் கூட்டினால் நமக்கான அகலம் ஏறக்குறைய வந்துவிடும். கம்பெனி விவரத்தாளில் என் பழைய சீட்டின் அகலத்தைத் தேடினோம்: 143 மி.மீ. சீட்டில் குற்றமே இல்லை. அதை மாட்டியிருந்த உயரம்தான் அதிகம், அதன் மூக்கும், அதாவது முன்முனையும், மேல்நோக்கி இருந்திருக்கிறது. ஒரு ஆலன் கீயும் பத்து நிமிடமும் போதுமாயிருந்த வேலை.

பழைய சீட்டைக் கேட்டுப் போனேன். “அது அன்னைக்கே போயிடுச்சு சார்.”

அதே அகலத்தில் வேறொன்று 1,900 ரூபாய்க்கு வாங்கி மாட்டியிருக்கிறேன். அந்த ஜெல் சீட் இப்போது எங்கள் அடுக்ககத்து வாட்ச்மேன் அண்ணனின் சைக்கிளில் இருக்கிறது. நிமிர்ந்து உட்கார்ந்து கடைத்தெருவுக்குப் போய்வருகிறவர். அவருக்கு அருமையாகப் பொருந்திவிட்டது.