தர்மபுரியில் வேலை வாங்கித் தருகிறோம் என்று ஒரிஜினல் சர்டிபிகேட் கேட்டால் கொடுக்காதீர்கள்

கடைசி செமஸ்டர் எழுதி முடித்த பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். எனக்குப் போனது 13,500 ரூபாய், ஒரு டி.சி., ஏறக்குறைய மூன்று மாதம். பணத்தைக்கூட விட்டுத்தள்ளலாம். டி.சி.தான் இன்னும் கழுத்தைப் பிடிக்கிறது.

எனக்குப் பாலக்கோடு பக்கம். அப்பாவுக்குத் தக்காளித் தோட்டம். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். பி.காம். கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வெளியே வந்தால், காலேஜ் கேட்டுக்கு எதிரில் பெரிய குடை விரித்து இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். 'இலவச வேலைவாய்ப்பு முகாம்' என்று ஒரு படிவம் நீட்டினார்கள். பெயர், போன் நம்பர், அப்பா என்ன செய்கிறார், சொந்த வீடா, வாடகையா, வீட்டில் வண்டி இருக்கிறதா. வேலைக்கும் வண்டிக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. எவ்வளவு கறக்கலாம் என்று பார்த்திருக்கிறார்கள்.

ரிசல்ட் வரும்வரை இருக்கிற ஒன்றரை மாதம் இருக்கிறதே, அதைப் படித்து முடித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. குழாயடியில், கல்யாண வீட்டில், மளிகைக் கடையில், எங்கே போனாலும் "அப்புறம் என்ன பண்ணப் போற?" பெரியம்மா ஒருபடி மேலே போய் ஜாதகம் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்த நேரம் பார்த்துப் போன் வந்தது. "மேடம், ஓசூர் சிப்காட்ல எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி, அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன், கையில 18,500, ஹாஸ்டல் ஃப்ரீ." என்னை மேடம் என்று கூப்பிட்ட முதல் ஆள் அவர்தான். பாதி அங்கேயே விழுந்துவிட்டேன்.

ஆபீஸ் நான்கு ரோடு பக்கம், ஒரு மாடியில். ஏ.சி. ஓடியது. சுவர் முழுக்கப் பெரிய பெரிய கம்பெனிகளின் சின்னங்கள். பதிவுக் கட்டணம் 1,500, ரொக்கம். ரசீது கேட்டதற்கு "சிஸ்டம்ல ஏத்திட்டோம் மேடம்" என்றார்கள். அடுத்த வாரம் பயிற்சி, யூனிஃபார்ம், ஹாஸ்டல் முன்பணம் என்று 12,000. ஹாஸ்டல் ஃப்ரீ என்றீர்களே என்று கேட்டேன். திரும்பக் கிடைத்துவிடும் என்றார்கள். அம்மாவின் தோட்டைக் கூட்டுறவு சங்கத்தில் வைத்து ஜிபேயில் அனுப்பினோம். திரையில் வந்தது யாரோ ஒரு தனி ஆளின் பெயர், போர்டில் இருந்த பெயர் இல்லை. "எங்க அக்கவுண்டண்ட்தான்" என்றார்கள். நான் பி.காம். என்பதை இந்த இடத்தில் யாரும் ஞாபகப்படுத்த வேண்டாம்.

அப்புறம்தான் சர்டிபிகேட். பத்தாவது, பன்னிரண்டாவது, ஐந்து செமஸ்டர் மார்க் ஷீட், டி.சி. எல்லாம் ஒரிஜினல். வெரிஃபிகேஷன் முடிந்து பத்து நாளில் கம்பெனியே கூரியரில் அனுப்பிவிடும் என்றார்கள். நடுவில் வேலையை விட்டால் 50,000 கட்டுகிறேன் என்று பத்திரத்தாளிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். மேலே பாதி இடம் காலியாக இருந்தது.

சேர வேண்டிய திங்கட்கிழமை அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கூட வந்தார். பாலக்கோட்டில் ரயில் ஏறி ஓசூரில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோ. கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியிடம் ஆஃபர் லெட்டரை நீட்டினேன். அவர் அதைப் பிரிக்கவே இல்லை. மடிப்பைப் பார்த்ததுமே மேசை டிராயரை இழுத்து, ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டை எடுத்து வைத்தார். எல்லாம் அதே லெட்டர், அதே நீல முத்திரை. "ஏம்மா, நீயுமா? போன வாரம் ஊத்தங்கரையிலிருந்து நாலு பசங்க வந்து நின்னாங்க." அப்பா ஒன்றும் பேசவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய், டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு நின்றுகொண்டே இருந்தார்.

திரும்பி வரும்போது ரயிலில் அந்த லெட்டரை முதன்முறையாக ஒழுங்காகப் படித்தேன். ஓசூர் முகவரி போட்டு, பின்கோடு 636701. அது தர்மபுரி டவுன் பின்கோடு. ஓசூருக்கு 635109. இரண்டு பின்கோடும் எனக்குத் தெரியும், எத்தனை விண்ணப்பம் நிரப்பியிருக்கிறேன்! கம்பெனியின் மெயில் என்று இருந்தது ஜிமெயில் முகவரி. சம்பளம் எண்ணில் 18,500, எழுத்தில் பதினைந்தாயிரத்து ஐந்நூறு.

1930-க்குப் போன் செய்தேன். சைபர் மோசடிக்கான நம்பர் அது. புகார் பதிவு செய்துகொண்டார்கள். ஆனால் நான் பணம் போட்டு 19 நாள் ஆகியிருந்தது, அந்தக் கணக்கில் ஒன்றுமில்லை. பணம் போன அன்றே கூப்பிட்டால்தான் முடக்க வாய்ப்பு. ஸ்டேஷனில் முதல் நாள் "நாளைக்கு வாங்க" என்றார்கள். மறுநாள் எழுத்தில் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தருகிற சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் நகரமாட்டேன் என்று அப்பா உட்கார்ந்துவிட்டார். ரசீது வந்தது. நீங்களும் அதை வாங்காமல் வராதீர்கள். அது இல்லாத புகாரைப் பிறகு கேட்டால் யாருக்கும் தெரியாது.

ஸ்டேஷனிலிருந்து ஒரு போன் போனதும் மூன்றாம் நாள் மஞ்சள் பையில் சர்டிபிகேட் வந்தது, கூடவே 5,000. மீதி அடுத்த மாதமாம். பன்னிரண்டாவது மார்க் ஷீட்டில் ஸ்டேப்ளர் அடித்திருந்தார்கள். டி.சி. இல்லை. "நீங்க கொடுக்கவே இல்லையே மேடம்" என்றார் அதே ஆள், அதே மேடம். கொடுத்ததற்கு என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. இப்போது எம்.காம். சேரப் போனால் டி.சி. கேட்கிறார்கள். டூப்ளிகேட் வேண்டுமென்றால், காணவில்லை, கண்டுபிடிக்க முடியவில்லை என்று போலீஸ் சான்று கொண்டுவரச் சொல்கிறது காலேஜ். ஸ்டேஷனில் "அவன்கிட்டதானேம்மா இருக்கு, காணோம்னு எப்படிக் கொடுக்கறது?" என்கிறார்கள். நியாயமாகத்தான் கேட்கிறார்கள், எனக்குத்தான் வழி தெரியவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். 5 லட்சம் வரைக்கும் அங்கே மனுக் கட்டணம் கிடையாது.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிய ஒரு ரூபாய்கூட வாங்குவதில்லை. அவர்கள் நடத்தும் தனியார் வேலை முகாமுக்கும் கட்டணம் இல்லை. ஐந்து வருடத்துக்குச் செல்லுகிற டி.என்.பி.எஸ்.சி. ஒருமுறைப் பதிவே 150 ரூபாய்தான். நிஜமாகவே ஓசூரில் ஆள் எடுக்கிற கம்பெனிகள் இருக்கின்றன. என் வகுப்புத் தோழி ஒருத்தி முகாமில் எடுபட்டுப் போய்ச் சேர்ந்தாள். ஒரிஜினலை அவள் கையில் வைத்தபடியே காட்டினாள், பார்த்துவிட்டு ஜெராக்ஸை மட்டும் வாங்கிக்கொண்டார்களாம்.

போன வாரம் நான்கு ரோடு பக்கம் போயிருந்தேன். அந்த மாடியில் போர்டு மாறியிருக்கிறது. புதுப் பெயர், புது நிறம். கீழே போட்டிருக்கிற போன் நம்பர் மட்டும் அதேதான். வாசலில் அந்தப் பெரிய குடையைச் சுருட்டி, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அரியர் எழுதுகிறவர்களுக்கு மறுநாள்தான் கடைசிப் பரீட்சை.